சீனி குறைத்துப் போட்ட வைன்

பால் காய்ச்சுகிற பாத்திரத்தில் வைன் காய்ச்சுகிற ஊரில் இப்போது இருக்கிறேன். மதுரையில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களின் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் என் முகமும் அப்படித்தான் போனது. ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊர் எங்களுடையது. டிசம்பர் பிறந்ததும் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்து வாசலிலேயே பெற்றோர்கள் சேர்ந்து ஓர் அண்டாவை வைத்து, சிவப்பு வைனில் பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் துண்டு எல்லாம் போட்டுச் சூடாக்கி, பிடி வைத்த கோப்பைகளில் ஊற்றித் தருகிறார்கள். க்ளூவைன் என்று பெயர். ஒரு கையில் அந்தக் கோப்பையும் மறு கையில் மகளின் நோட்டுமாக வகுப்பாசிரியை என்னிடம் வந்து, அவள் கணக்கில் கெட்டிக்காரி என்றார். ஊரில் ஒரு டீச்சர் இப்படிச் செய்தால் மறுநாள் என்ன நடக்கும் என்று யோசித்தபடியே தலையாட்டிக்கொண்டு நின்றேன். இங்கே யாரும் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றுவதில்லை. கடையில் தயிருக்கு அடுத்த அலமாரியில் அது இருக்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்து எடுத்துப் போகிறார்கள்.

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் ஆறு வீடுகள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் வீட்டுக்கு ஒரு மாலை என்று முறை வைத்து, அந்த வீட்டுக்காரர் மற்றவர்களை அழைத்து ஜன்னலில் விளக்கேற்றி, க்ளூவைனும் பிஸ்கட்டும் தர வேண்டும். ஏழு வருடம் எங்களை விட்டுவைத்தார்கள். எட்டாவது வருடம், மாடியில் இருக்கும் ஃப்ராவ் ஹோஃப்மன் என்கிற அம்மாள் கதவைத் தட்டி, இந்தத் தடவை உங்கள் முறை என்றார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சொன்னால் சொன்னதுதான். என் மனைவி சாந்தி பஜ்ஜி போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டாள். வைன் என் தலையில் விழுந்தது.

அன்று மாலை ஃப்ராவ் ஹோஃப்மன் தன்னுடைய எனாமல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். நான் வைனை ஊற்றி, கிராம்பையும் பட்டையையும் போட்டு, அடுப்பை முழுசாகத் திருகிவிட்டேன். நம் ஊரில் எதுவும் ஒரு கொதி வந்தால்தானே இறங்கும். அவர் ஓடி வந்து அடுப்பைத் தணித்தார். கொதிக்கவிடக் கூடாதாம். கொதித்தால் உள்ளே இருப்பதெல்லாம் ஆவியாகப் போய்விடுமாம். போனால் நல்லதுதானே என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். அதற்குள் ஆவி எழுந்து என் முகத்தில் அடித்தது. சூடான திராட்சை, கிராம்பு, பட்டை. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் என்னை உற்றுப் பார்த்து, மெதுவாக, "ஹைம்வே?" என்று கேட்டார். ஊர் ஏக்கமா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஊர் ஏக்கத்துக்கு இங்கே ஒரு சொல் இருக்கிறது, அதற்குத் தோளைத் தட்டுகிற வழக்கமும் இருக்கிறது. ஆனால் எனக்கு வந்தது அது இல்லை. நான் செய்த ஒரு காரியத்தின் வாசனை அது. பதினோரு வருடமாக அதை நான் யாரிடமும், சாந்தியிடம்கூட, சொல்லியிருக்கவில்லை.

என் அக்கா விஜயா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். மஞ்சள் காமாலையில் அம்மா இறந்தபோது எனக்குப் பதினொன்று. தல்லாகுளத்தில் வாடகை வீடு. அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்ட அக்கா எனக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனாள். பிறகு கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். அந்த ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் சகாயராஜ். பத்திரம் நகலெடுக்க ஒரு நாளைக்கு நாலு தடவை போக வேண்டியிருந்தது என்றும், ஐந்தாவது தடவை எதற்குப் போகிறேன் என்று வக்கீல் கேட்டதில்லை என்றும் அக்கா பிற்பாடு சொல்லிச் சிரித்தாள். மூன்று வருடம் அப்படிப் போய்வந்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அப்பாவிடம் நேராகச் சொன்னாள். அப்பா கத்தவில்லை, கை ஓங்கவில்லை. வேறு மதத்துக்காரன் வீட்டுக்குப் போகிறவள் இந்த வீட்டுக்கு வர வேண்டாம் என்று ஒரே வாக்கியம். அக்கா கல்யாணம் செய்துகொண்ட மறுவாரம், ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை நீக்கச் சொல்லி மனு எழுதினார். முத்து முத்தான கையெழுத்து. அந்த மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

ஆனாலும் அப்பாவுக்குத் தெரியாமல் நான் அக்கா வீட்டுக்குப் போய்வந்தேன். செல்லூரில், கீழே விசைத்தறி ஓடும் ஒரு கட்டடத்தின் மாடியில் ஒரு அறையும் அடுப்படியுமாக இருந்தது வீடு. பேசுவதென்றால் தறிச் சத்தத்துக்கு மேலே பேச வேண்டும். சகாயராஜ் என்னை முதல் நாளே மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். நானும் மச்சான் என்றேன். மெலிந்த, நிதானமான மனிதர். பொய் சொல்ல வேண்டிய இடங்களில் பேசாமல் இருந்துவிடுவார் என்று அக்கா சொல்லுவாள்.

அந்த நவம்பரில் மழை விட்டிருந்த ஒரு நாள் போனபோது, அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கருப்புத் திராட்சையைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். சிம்மக்கல்லில் வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை, ஒரு கூடை. மச்சான் வீட்டில் வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வைன் போடுவார்களாம். இந்த வருடம் புது மருமகள் போட வேண்டும் என்று மாமியார் ஜாடியைக் கொடுத்தனுப்பிவிட்டார். மாவடு போடுகிற பீங்கான் ஜாடிதான். "கைய நல்லாக் கழுவிட்டு வாடா," என்றாள் அக்கா. இரண்டு பேரும் ஜாடிக்குள் கைவிட்டுத் திராட்சையைப் பிசைந்தோம். கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு கைப்பிடி கோதுமை, தட்டிய பட்டை, கிராம்பு, சீனி, கொஞ்சம் ஈஸ்ட். எல்லாம் போட்டு வாயைத் துணியால் இறுகக் கட்டினாள். கீழே தறி ஓடுகிற அதிர்வில் ஜாடி தரையோடு நடுங்கியது. அதிரக் கூடாதாம். நாலாக மடித்த சாக்கை அடியில் கொடுத்துத் தூக்கி வைத்தார் மச்சான். இருபத்தொரு நாள், தினமும் ஒரு தடவை மரக்கரண்டியால் கிண்டிவிட வேண்டும். முழங்கை வரைக்கும் ஊதா நிறமாக நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா போனதற்கப்புறம் அக்கா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

புறப்படும்போது அக்கா படி வரை வந்தாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மச்சானின் சொந்தக்காரர்கள் எல்லோரும் மத்தியானம் சாப்பிட வருகிறார்களாம். கல்யாணத்தன்றே, பெண் பக்கத்து ஆளுகள் யாரையும் காணோமே என்று அவர்களில் ஒருத்தி கேட்டாளாம். மச்சான் சமாளித்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி அக்காவுக்குள் அப்படியே கிடந்தது.

"அப்பா வர மாட்டாரு. அது தெரியும்," என்றாள். "நீ மட்டும் வந்துருடா. ஒரு அர மணி நேரம் ஒக்காந்துட்டுப் போ. எம் பக்கம்னு ஒருத்தர் இருக்கணும்ல."

"கண்டிப்பா வாரேன்க்கா," என்றேன்.

டிசம்பர் இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் அப்பா அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மறுநாள் திருமங்கலம் போகிறோம் என்றார். அங்கே எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் இருந்தார். அவர் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தான், விடுமுறைக்கு வந்திருந்தான். நான் எஞ்சினியரிங் முடித்துவிட்டு ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்தேன். நாளைக்கு முடியாது, இன்னொரு நாள் போவோம் என்று சொல்ல எத்தனையோ காரணங்கள் இருந்தன. தலைவலி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அப்பா அதற்குமேல் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். நான் சரிப்பா என்றேன். எனக்கு வேலை வேண்டியிருந்தது என்பது உண்மை. அப்பா முகத்தைப் பார்த்து எதிலும் மாறிப் பேசி எனக்குப் பழக்கமில்லை என்பது அதைவிட உண்மை. மறுநாள் திருமங்கலத்தில் கேசரி சாப்பிட்டேன். பெங்களூர்க்காரன் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு, பயோடேட்டாவை அனுப்பு என்றான். திரும்பி வந்த பஸ்ஸில், வழியில் ஒன்றிரண்டு வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரத்துக்குள் விளக்கு எரிந்தது. அப்பா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தார். நான் அவர் தோளுக்கு மேலாக அந்த நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கு மறுநாள் சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நான் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். ஒரு டி.வி.எஸ். ஐம்பது வந்து எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றது. மச்சான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வண்டியின் கொக்கியில் ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய பாட்டிலின் கழுத்து தெரிந்தது. அவர் எங்கள் வீட்டுக்கு அதுவரை வந்ததில்லை. அப்பா அவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முகம் தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும். அவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தபடி பையில் கை வைத்தார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"யாருடா கேட்ல?" என்றார் அப்பா.

நான் மச்சானின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "யாரோ அட்ரஸ் கேக்குறாங்கப்பா."

மச்சானின் கை பையிலிருந்து மெதுவாக வெளியே வந்தது. சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, பிறகு போனது. அதோடு முடிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது. ஆனால் அப்பா வெளியே வந்துவிட்டார். வெளி ஆட்களிடம் அவர் எப்போதும் மரியாதையாகப் பழகுவார். கேட்டருகே வந்து எந்த அட்ரஸ் என்று கேட்டார். மச்சான் ஒரு பெயரைச் சொன்னார். அந்த நிமிடத்தில் உண்டாக்கிய பெயராகத்தான் இருக்க வேண்டும். அப்பா யோசித்து, அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லை, அடுத்த தெருவில் ஒரு போஸ்ட்மேன் வீடு இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்று கையைக் காட்டி வழி சொன்னார். பிறகு, "ரொம்ப நேரமா அலைஞ்சீங்களோ? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். மச்சான் அதை வாங்கி அண்ணாந்து முழுவதையும் குடித்தார். சொம்பை என் கையில் திருப்பிக் கொடுத்து, "வாரேன் தம்பி," என்றார். மாப்ள என்று சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்து, "வாரேங்கய்யா," என்றார். வண்டி அடுத்த தெருப் பக்கமே திரும்பிப் போனது. அப்பாவின் கண்ணைவிட்டு மறையும் வரைக்கும் அந்த விலாசத்தைத் தேடுகிறவராகவே அவர் போனார்.

"நல்ல மாதிரியான ஆளு," என்றார் அப்பா, உள்ளே போய்க்கொண்டே.

இரண்டு மாதத்தில் பெங்களூரில் வேலை கிடைத்தது. போவதற்கு முன்னால் செல்லூருக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது. மச்சான் அன்று வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் சொல்லியிருப்பார், அக்கா அழுதிருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அக்கா பெங்களூருக்குக் கடிதம் எழுதினாள். கிறிஸ்துமஸுக்கு வராததைப் பற்றி, திருமங்கலம் போனியாமே, கேள்விப்பட்டேன், வேலை கிடைத்ததே அதுவே போதும் என்று ஒரு வரி. கேட்டில் நடந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது என்னைக் குத்துவதற்காகவே விட்ட இடம் என்று நினைத்தேன். அடுத்த டிசம்பரில் எழுதினாள்: "வைன் போட்டிருக்கேன், உனக்குப் புடிச்ச மாதிரியே. எப்ப வார?" நான் அதில் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. என்னிடம் கொடுக்க வந்த பாட்டில் திரும்பிப் போனது. இது குத்தல் இல்லாமல் வேறென்ன என்று அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டு மூடினேன். பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை, பிறந்தநாளுக்கு ஒரு போன் என்று சுருக்கிக்கொண்டேன். ஜெர்மனிக்கு வந்த பிறகு சுருக்குவது இன்னும் எளிதாக இருந்தது. புலம்பெயர்ந்தவர்களுக்கு இது ஒரு வசதி. ஊரில் யாரையாவது தவிர்க்க வேண்டுமென்றால் காரணமே சொல்ல வேண்டாம், தூரமே சொல்லிவிடும்.

நான் வந்த மறுவருடம் அப்பா இறந்தார். போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டு, ஐஸ் பெட்டி வந்து, எல்லா வேலையையும் ஓடி ஓடிச் செய்துகொண்டிருந்தவர் மச்சான். அக்கா அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை எழுந்திரு என்று சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்தான் கிடந்தார். அஸ்தியை வைகையில் கரைக்கப் போனபோது, முழங்கால் அளவுத் தண்ணீருக்காக இரண்டு பேரும் மணலில் வெகுதூரம் நடந்தோம். அதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று தோன்றியது. "மச்சான், அன்னிக்குக் கேட்ல…" என்று ஆரம்பித்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, "கரையேறி ஒரு டீ குடிப்போமா மாப்ள? நேத்திலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல," என்றார். என்னைப் பேசவிடாத அளவுக்குக் கோபம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இன்னொரு பயணத்தில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். நாலு வருடம் கழித்து, கடையில் நகலெடுத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவர் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார். சாந்திக்கு அப்போது பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். நான் போகவில்லை. போனில் அக்கா அழவில்லை. நீ வந்து என்ன செய்யப்போற, அவளைப் பாரு என்றாள். அதையும் நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவும்தான் அந்த எனாமல் பாத்திரத்திலிருந்து எழுந்து வந்தது. விருந்தாளிகள் போனபிறகு சாந்தியிடம் முழுவதையும் சொன்னேன். அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டு, "மன்னிப்புக் கேக்கவேண்டியவங்கள்ல ஒருத்தர் போயிட்டாரு. இன்னொருத்தர் இருக்காங்கள்ல?" என்றாள். அடுத்த டிசம்பரில் விடுமுறை எடுத்து, நான் மட்டும் ஊருக்குப் புறப்பட்டேன். விமானத்தில் முழு நேரமும் அக்காவிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

அக்கா அதே செல்லூரில், இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு வீட்டில் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. மச்சானின் ஜெராக்ஸ் கடையை அவளே நடத்திக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. பையை வாங்கி வைத்து, உட்காரச் சொல்லி, சுவரில் மாட்டியிருந்த மச்சானின் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, அடுப்படிக்குள் போனாள். வரும்போது கையில் இரண்டு கண்ணாடி டம்ளர். கருஞ்சிவப்பாக, அடியில் கொஞ்சம் வண்டலோடு. "நேத்துதான் வடிகட்டுனேன்," என்றாள். நான் டம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அக்கா, ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். அன்றைக்கு மச்சான் பாட்டிலோடு நம் வீட்டுக்கு வந்தபோது என்று தொடங்கினேன்.

அக்கா முகம் மலர்ந்தது. அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

"அத மறப்பேனாடா," என்றாள். "நீ வரலைன்னு நான் அழுதுக்கிட்டுக் கெடந்தேன். பொறுக்கமாட்டாம அவரே எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. திரும்பி வந்து சொல்றாரு, உன் தம்பி கேட்டுலயே நின்னு ஒரு மடக்குக் குடிச்சான், நல்லாருக்கு, இனிப்பு மட்டும் கொஞ்சம் கூடங்குறான்னு. அடுத்த வருசத்துலேர்ந்து நான் சீனியக் கொறச்சுட்டேன்ல. அவருக்கு இனிப்பாத்தான் இருக்கணும். ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அக்கா புடவைத் தலைப்பால் டம்ளரின் வெளிப்புறத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்பாவும் வெளிய வந்தாராம்ல. தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டுக் குடுத்தாராம். உள்ள கூப்புடல, சரி. ஆனா மருமகன் வாசலுக்கு வந்தப்ப ஒரு சொம்புத் தண்ணி குடுத்தாருல்ல. அது எனக்குப் போதும்டா. அத வச்சுத்தான் அப்பா சாவுக்கு நான் தைரியமா வந்து ஒக்காந்தேன்."

பொய் சொல்ல வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடுகிற மனிதர், எனக்காக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சாகும்வரை அதற்கேற்பச் சீனி குறைந்த வைனைக் குடித்திருக்கிறார். தண்ணீர் கொடுத்தது உண்மை. ஆனால் அப்பா கொடுத்தது வழிகேட்டு வந்த யாரோ ஒருவருக்கு. நான் இப்போது வாயைத் திறந்தால் என் பாரம் இறங்கும். அக்காவிடமிருந்து அந்தச் சொம்புத் தண்ணீர் போய்விடும். ஆற்று மணலில் மச்சான் என் பேச்சை வெட்டியது கோபத்தினால் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பன்னிரண்டு வருடம் அக்கா என்மேல் வருத்தமாக இருக்கிறாள் என்று நினைத்து விலகியே இருந்தேன். அவளோ, தம்பி பெரிய ஆளாகிவிட்டான், நம் வீட்டுக்கெல்லாம் வரமாட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு டிசம்பரிலும் எனக்குப் பிடித்த மாதிரி வைன் போட்டுவைத்துவிட்டு எப்ப வார என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கடிதங்களில் குத்தலே இல்லை. நான் படித்த கண்ணில்தான் இருந்தது.

"என்னமோ சொல்ல வந்தியே?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. அத ஞாபகப்படுத்தத்தான்," என்றேன்.

"இப்ப இனிப்பு சரியா இருக்கா? குடிச்சுப் பாரு."

குடித்தேன். நல்ல புளிப்பு. நாக்கின் இரண்டு ஓரமும் கூசியது. சரியாக இருக்கிறது என்றேன். மறுநாள் கிறிஸ்துமஸுக்கு மச்சானின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். முன்பு கேள்வி கேட்ட அந்த அம்மாள் இப்போது வயதாகி, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அக்கா என்னை முன்னால் இழுத்து, "எந் தம்பி. ஜெர்மனிலேர்ந்து வந்திருக்கான்," என்றாள். அந்த அம்மாளுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. யார் என்று திரும்பக் கேட்டார். அக்கா சலிக்காமல் உரக்க இன்னொரு தடவை சொன்னாள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும் என்றாள். இப்போது நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து மாப்ள என்று கூப்பிடத்தான் ஆள் இல்லை.

கிளம்புகிற அன்று, இங்கே வந்து நானே போட்டுப் பார்க்கிறேன் என்று பக்குவம் கேட்டேன். அக்கா கடையிலிருந்து கொண்டுவந்த ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுத்தாள். சீனிக்கு நேராக ஓர் அளவு எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் குறைத்து எழுதி, உனக்கு இது போதும் என்று அடைப்புக்குறி போட்டிருந்தாள்.

போன வருடம் நவம்பரில் அந்தத் தாளைப் பார்த்து முதல்முறையாக வைன் போட்டேன். கம்பம் திராட்சை இல்லை, இத்தாலித் திராட்சை. இங்கே முட்டைக்கோஸ் ஊறுகாய் போடும் ஒரு கல் ஜாடி கிடைத்தது. தினமும் கிண்டிவிட்டேன். அளவைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எங்கள் முறை வந்த மாலையில் வடிகட்டிப் பார்த்தால் ஆறு வீட்டுக்குக் காணாது. ஃப்ராவ் ஹோஃப்மன் தயங்கவில்லை. கடையில் வாங்கிய வைனோடு அதையும் தன் எனாமல் பாத்திரத்தில் ஊற்றி, ஆரஞ்சைப் போட்டு, கொதிக்காத சூட்டில் வைத்தார். எது எங்கிருந்து வந்தது என்று அதற்குமேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆட்கள் வந்துவிட்டார்கள். கூடத்தில் பூட்ஸுகளும் ஈரக் கோட்டுகளுமாக இருந்தது. அந்த நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"வைன் எப்படிடா வந்துச்சு? நான் எழுதிக் குடுத்த மாதிரியே போட்டியா?"

ஒரு காதில் போனை அணைத்துக்கொண்டு அடுப்பருகே நின்றேன். ஃப்ராவ் ஹோஃப்மன் கரண்டியில் கொஞ்சம் எடுத்து உறிஞ்சிப் பார்த்து, உதட்டைக் குவித்து, சர்க்கரை டப்பாவைத் திறந்து, போடட்டுமா என்று கண்ணால் கேட்டார். நான் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் ஒரு கரண்டி போட்டார். இன்னும் வேண்டுமா என்று பார்த்தார். மறுபடி தலையாட்டினேன். அவர் இன்னொரு கரண்டியைக் குவித்து எடுத்தபோது, "ஆமாக்கா, நீ சொன்ன மாதிரியேதான். இனிப்பு சரியா இருக்கு," என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.